அளவும் அறமும்: பாசெட்-லோக் வாழ்வும் பணியும்

சிறிய வடிவில் பெரியதைச் சொல்லும் கலையைப் பற்றி நம் வட்டத்தார்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. பத்தாண்டுகளாக நம் கூட்டங்களில் குறள் வெண்பாவைப் பற்றியோ குறுங்கவிதையைப் பற்றியோ பேச்செழாத கூட்டம் அரிது. ஏழு சீர்களுக்குள் ஒரு பொருள் குறைவின்றி நிறைவது எங்ஙனம் என்னும் வினா கவிஞர்க்குத் தீராத வினா. இதே வினாவைச் சொல்லில் வைத்து ஆராயாமல் பித்தளையிலும் தகரத்திலும், நெருப்பிலும் நீரிலும் வைத்து ஆராய்ந்தவர் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். மலைபோன்ற நீராவி எஞ்சினை மேசைமேல் நிற்கும் உருவாக்கி, அவ்வுருவும் மெய்யான நீராவியால் ஓடவேண்டும் எனக் கருதியவர் அவர். வென்மன் ஜோசப் பாசெட்-லோக் என்பது அவர் பெயர். மாதிரி எஞ்சின்களைச் சேகரிப்போர் நடுவே இன்றும் அப்பெயர்க்குப் பெருமதிப்பு உண்டு.

பொறியியல் பயிலாத தமிழாசிரியை நான். இவ்வரலாற்றை எழுதப் புகுந்தது எஞ்சின்மீது கொண்ட காதலால் அன்று. ஒரு படைப்பில் எவர் பெயர் நிற்கிறது, எவர் கை மறைகிறது என்னும் கேள்வி என்னை நெடுநாள் அலைக்கழித்து வந்துள்ளது. அக்கேள்விக்கு இவர் வாழ்க்கையைப்போல் தெளிவான சான்று வேறொன்று எனக்குக் கிடைத்திலது.

பிறப்பும் பின்புலமும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்த நார்தாம்ப்டன் காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கு 1877 டிசம்பர் 27ஆம் நாள் பாசெட்-லோக் பிறந்தார். தந்தையார் ஜோசப் டாம் லோக் கிங்ஸ்வெல் தெருவில் கொதிகலன் செய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். அத்தொழிலுக்கு அடித்தளம் இட்டவர் தந்தையாரின் மாற்றுத் தந்தையான அப்சலம் பாசெட். மைந்தரின் பெயரில் பாசெட் என்னும் சொல் நிலைபெற்றது அவர் நினைவாலேயே ஆகும். ஆகவே, தறையாணி அறையும் ஓசையும் உலைக்களத்தின் வெம்மையும் நிறைந்த சூழலில் அச்சிறுவர் வளர்ந்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் சிறிது காலம் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பணிபுரிந்தார். பின்னர்த் தந்தையின் பட்டறையிலேயே தொழில் பயின்றார். இவ்விரு பயிற்சிகளும் அவர் வாழ்வு முழுவதும் உடன்வந்தன. கோடு வரையும் மேசையும் உலோகம் அறுக்கும் மேசையும் அவருக்கு ஒருசேரப் பழக்கமாயின. பிற்காலத்தில் எஞ்சின்களைச் செய்வித்தது போலவே வீடுகளையும் செய்வித்தார் என்பதனை இங்கேயே குறித்து வைத்துக்கொள்வோம்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் பொறிகளைச் சிறு உருவில் செய்து மகிழும் அன்பர் கூட்டம் ஒன்று பெருகி வந்தது. 1898இல் பெர்சிவல் மார்ஷல் என்பார் இவர்களுக்கென்றே மாடல் எஞ்சினியர் என்னும் இதழைத் தொடங்கினார். ஆர்வம் இருந்தது, பொருள் கிடைக்கவில்லை. வார்ப்புகளும் திருகாணிகளும் சக்கரங்களும் கிடைக்காமல் அன்பர்கள் இடர்ப்பட்டனர். இளைஞர் பாசெட்-லோக் இந்தக் குறையைத் தம் கண்ணால் கண்டார். தந்தையின் பட்டறையில் கணக்கெழுதிய ஹாரி பிராங்க்ளினுடன் சேர்ந்து, அஞ்சல்வழி உறுப்புகளை விற்கும் சிறு வணிகத்தைத் தொடங்கினார். 1899இல் வெளிவந்த முதற் பொருட்பட்டியலில் படங்கள் அச்சிடப்பெறவில்லை. உண்மையான நிழற்படங்களே கையால் ஒட்டப்பெற்றிருந்தன. வாங்குவோர் தாம் வாங்கும் பொருளின் மெய்யுருவைக் காணவேண்டும் என்னும் எண்ணம் அந்தத் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது.

பாரிசில் விளைந்த நட்பு

1900இல் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு அவர் சென்றார். அங்கே ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துப் பொம்மைத் தொழிலாளரின் திறன் அவரை வியப்பில் ஆழ்த்தியது. பிங் என்னும் பெரு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பிங் அவருக்கு நண்பரானார். அதே நகரில் தொழில் நடத்திய ஜார்ஜ் கரெட்டும் பின்னர் அவருக்குப் பொருள் செய்து தந்தார்.

நூரம்பர்க்காரர்களிடம் கைத்திறன் இருந்தது. பெருமளவில் செய்யும் வசதியும் இருந்தது. ஆயினும் அவர்கள் செய்தவை பொம்மைகளாகவே இருந்தன. புகைபோக்கி ஒரு நாட்டு எஞ்சினுடையதாகவும், வண்ணம் வேறொரு நாட்டுடையதாகவும், சக்கரம் எந்நாட்டிலும் இல்லாததாகவும் அமைந்திருக்கும். ஆங்கிலேயச் சிறுவன் தன் ஊர் நிலையத்தில் நாள்தோறும் காணும் எஞ்சினை அவற்றுள் காண இயலாது. பாசெட்-லோக் கேட்டது எளிய ஒன்றே: இன்ன இருப்புப்பாதை நிறுவனத்தின் இன்ன எஞ்சினை, அதன் அளவிலிருந்து சுருக்கி, அதன் வண்ணத்திலேயே செய்துதர வேண்டும். அவ்வாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் லண்டன் வடமேற்கு இருப்புப்பாதையின் பிளாக் பிரின்ஸ் என்னும் எஞ்சின் சிறுவுருக் கொண்டு நூரம்பர்க்கிலிருந்து வந்தது. பொம்மைக்கும் மாதிரிக்கும் இடையே கோடு கிழித்த படைப்புகளுள் அது முன்னிற்பது எனலாம்.

இப்பணிக்கு வரைபடம் வேண்டும். அதனை வரைந்தளித்தவர் ஹென்றி கிரீன்லி. 1876இல் பிறந்த கிரீன்லி லண்டன் மெட்ரோபாலிட்டன் இருப்புப்பாதையின் வரைபட அலுவலகத்தில் பணியாற்றியவர். மாடல் எஞ்சினியர் இதழிலும் பங்கு கொண்டவர். மெய்யான எஞ்சினின் இலக்கணம் முழுவதும் அவர்க்கு மனப்பாடம். நார்தாம்ப்டனிலேயே ஜார்ஜ் விண்டரிங்ஹாம் என்பார் தண்டவாளங்களையும் நிலையக் கட்டடங்களையும் செய்தளித்தார். கலைஞர் எர்னஸ்ட் ட்வைனிங் பின்னாளில் கட்டட மாதிரிகளில் தனிப்புகழ் பெற்றார். 1908இல் லண்டன் ஹை ஹோல்பர்ன் தெருவில் கடை திறக்கப்பெற்றது. செல்வர்கள் முழு எஞ்சினை வாங்கிச் சென்றனர். கைவருந்திச் செய்ய விரும்பியோர் வார்ப்புகளையும் வரைபடங்களையும் வாங்கிச் சென்றனர். இருசாராரும் ஒரே கடையின் வாயிலில் நுழைந்தனர் என்பது கருதத்தக்கது.

ஓரிடத்தில் வரைபடம், ஓரிடத்தில் தகரவேலை, ஓரிடத்தில் தண்டவாளம், ஓரிடத்தில் விற்பனை என இத்தொழில் பரந்து நின்றது. இவற்றையெல்லாம் ஒரு நோக்கில் கோத்தவர் பாசெட்-லோக். அவர் விற்ற எஞ்சின்களுள் அவர் தம் கையாற் கடைந்தவை மிகச் சிலவாகவே இருக்கும். அவரிடம் இருந்தது செய்யும் கை அன்று, தேரும் கண். ஒரு வளைவு பிழைபட்டாலும், வண்ணக்கோடு ஒன்று பருத்தாலும் காணும் கண் அது.

அளவும் உண்மையும்

இனி, இக்கலையின் உள்ளிருக்கும் இடர்ப்பாட்டைச் சற்று விரிவாகக் காண்போம். கவிஞர்கட்கு இப்பகுதி சுவைதரும் என நம்புகிறேன்.

இங்கிலாந்தில் நிலைபெற்ற பூச்சிய அளவு என்னும் மாதிரியில், மெய்யான எஞ்சினின் ஓர் அடி நீளம் 7 மில்லிமீட்டராகச் சுருங்கும். அஃதாவது ஏறத்தாழ 43இல் ஒரு பங்கு. இவ்வளவில் மெய்ப்பாதையைக் கணக்கிட்டால் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 33 மில்லிமீட்டர் வரவேண்டும். ஆனால் வழக்கில் நின்றதோ 32 மில்லிமீட்டர். முதற் கோட்டிலேயே ஒரு மில்லிமீட்டர் பொய் புகுந்துவிட்டது. அறிந்தே ஏற்றுக்கொண்ட பொய் அது.

இதனினும் பெரிய இடர் எஞ்சினின் வயிற்றுள் இருக்கிறது. நீளம் 43இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது, கொதிகலனின் மேற்பரப்பு 43ஐ 43ஆல் பெருக்கிய 1,849இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அது கொள்ளும் நீரோ மேலும் 43ஆல் பெருக்கிய 79,507இல் ஒரு பங்காகிவிடுகிறது. நீர் மிகக் குறைந்துபோக, அந்நீரின் வெப்பத்தை வெளியே கசியவிடும் பரப்பு அவ்வளவு குறைவதில்லை. ஆகவே சிற்றெஞ்சின் பேரெஞ்சினைவிட மிக விரைவாகக் குளிர்ந்துபோகும். உருவத்தைச் சுருக்கலாம், நீரும் நெருப்பும் தம் இயல்பைச் சுருக்கிக்கொள்ள இசைவதில்லை. பேரெஞ்சினில் கட்டை விரல் பருமனுள்ள ஆவிக்குழாய் இதிற் குண்டூசியினும் மெலிந்து, ஒரு துளி எண்ணெயால் அடைபட்டுவிடும். தகட்டின் தடிப்பையும் அவ்வண்ணமே சுருக்கினால் அது தாளைப்போல் மெலிந்து கைபட்ட இடமெல்லாம் நெளியும்.

இவ்விடரைத் தீர்க்கச் சிறு எஞ்சின்களில் கையாளப்பெற்ற வழிகளுள் ஒன்று ஸ்மித்தீஸ் கொதிகலன் என்பது. கண்ணுக்குத் தெரியும் கொதிகலன் வெறும் உறை. அது மெய்யெஞ்சினின் அளவை அப்படியே பின்பற்றும். அதனுள்ளே மறைந்திருக்கும் சிறிய உருளைதான் நீரைக் கொள்ளும். அவ்வுருளையின் அடியில் சரிந்து செல்லும் மெல்லிய நீர்க்குழாய்கள் ஸ்பிரிட் விளக்கின் சுடரை நேரே ஏற்கும். உறைக்கும் உருளைக்கும் இடையே வெப்பம் சூழ்ந்து நின்று நீரைக் காக்கும். புறம் எஞ்சினின் அளவுக்குக் கட்டுப்பட்டது; அகம் நெருப்பின் இயல்புக்குக் கட்டுப்பட்டது. இரண்டையும் ஒன்றென மயங்கிப் புறத்தைச் சுருக்கியவாறே அகத்தையும் சுருக்கியவரின் எஞ்சின் அழகாக நிற்கும்; ஓடாது. யாப்பு வழுவாது அமைந்தும் உயிரில்லாத செய்யுள்களை நாம் அறிவோம் அல்லமோ?

ஆயினும் இக்கொள்கையும் இறுதியானதாக நிலைக்கவில்லை. 1920களின் முற்பகுதியில், லண்டனில் வறுமையில் வளர்ந்து முன்பு இருப்புப்பாதையில் பணியாற்றிய லாரன்ஸ் என்பார் மாடல் எஞ்சினியர் இதழில் மாற்றுக் கருத்தை வைத்தார். தாம் பணிபுரிந்த இருப்புப்பாதையின் எழுத்துகளையே புனைபெயராகக் கொண்டு எல்.பி.எஸ்.சி. என எழுதியவர் அவர். சிற்றெஞ்சினிலும் மெய்யெஞ்சினைப் போலவே நிலக்கரியை எரிக்கலாம், ஆளையே இழுக்கலாம் என்பது அவர் துணிபு. இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் ஆயிஷா என்னும் எஞ்சினைத் தம் கையாலேயே செய்து, நிலக்கரித் தீயால் வளர்ந்த மனிதர்களை இழுத்துக் காட்டினார். கொதிகலன் போர் என அன்பர்கள் பெயரிட்டழைத்த அவ்வழக்கில் கிரீன்லி, பாசெட்-லோக் முதலியோரின் ஸ்பிரிட் விளக்குக் கொள்கை பின்னடைந்தது. தம் கையாற் செய்வோர் கூட்டம் லாரன்சின் பக்கம் சாய்ந்தது.

இத்தோல்வியை மறைத்து வரலாறு எழுதுதல் முறையன்று. பாசெட்-லோக் அளவின் அறத்தை நிலைநாட்டியவர். ஆனால் நெருப்பின் எல்லையைத் தாம் அறிந்த அளவோடு நிறுத்திக்கொண்டவர். தேர்ந்த வணிகர் காணாத ஒன்றை, தனியறையில் அரம் பிடித்த ஓர் ஏழைத் தொழிலாளி கண்டார்.

மேசைக்கும் மெய்க்கும் நடுவே

மேசைமேல் ஓடும் எஞ்சினோடு அவர் மனம் அமையவில்லை. 1904இல் சிற்றிருப்புப்பாதை நிறுவனம் ஒன்றை உருவாக்கினார். மறு ஆண்டே கிரீன்லி வரைந்த லிட்டில் ஜயண்ட் என்னும் எஞ்சின் 15 அங்குலப் பாதையில் பிளாக்பூல் கடற்கரையில் மக்களை ஏற்றி ஓடியது. விளையாட்டுக்கும் பயன்பாட்டுக்கும் இடைப்பட்ட அளவு அது. ஓட்டுநர் எஞ்சினின் உள்ளே நிற்க முடியாது. அதன்பின்னே அமர்ந்து ஓட்டுவார்.

1915இல் அவரும் தோழர்களும் சேர்ந்து வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த ரேவன்கிளாஸ் எஸ்க்டேல் பாதையை ஏற்றுக்கொண்டனர். மூன்றடி அகலமாக இருந்த அப்பாதை 1913இல் மூடப்பட்டிருந்தது. அதனை 15 அங்குலமாகக் குறுக்கிச் சிற்றெஞ்சின்களை ஓடவிட்டனர். பெரிய பாதையாய் இருந்து அழிந்த ஒன்று சிறிய பாதையாகி உயிர்பெற்றது. இன்றும் அங்கே நீராவி எஞ்சின்கள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

போரும் வீடும்

1914இல் மூண்ட உலகப்போர் அவர் தொழிலின் நடுநரம்பை அறுத்தது. எஞ்சின்கள் பிறந்தது நூரம்பர்க்கில், விற்கப்பட்டது லண்டனில். ஒரே நாளில் அவ்விரு நகரங்களும் பகைநாட்டு நகரங்களாயின. ஜெர்மானியப் பொருள் என்றாலே மக்கள் முகம் சுளித்த காலம் அது. நார்தாம்ப்டன் பட்டறைகள் படைக்கலத் தொழிலுக்கு வேண்டிய நுண்ணளவுக் கருவிகளைச் செய்யலாயின. சிறுவர் மகிழ்ச்சிக்காகப் பழகிய நுண்மை குண்டுகளின் அளவைச் சரிபார்க்கப் பயன்பட்டது.

அதே போர்க்காலத்தில்தான் அவர் இல்லறம் புகுந்தார். 1917 மார்ச்சில் காலணித் தொழிற் குடும்பத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் ஜேன் ஜோன்ஸ் அவர் வாழ்க்கைத் துணையானார். புதுமணையாகத் தேர்ந்தது டெர்ன்கேட் தெருவின் 78ஆம் எண் வீடு. நெருங்கிய வரிசையில் அமைந்த குறுகிய பழவீடு அது. அதனைப் புதுக்கித் தருமாறு சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் என்னும் ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞரை நாடினார். கிளாஸ்கோ கலைப்பள்ளியைக் கட்டிப் புகழ்பெற்ற மக்கின்டாஷ் அப்போது கட்டடப் பணி வாய்ப்பு அருகி லண்டனில் வாழ்ந்து வந்தார். கருஞ்சுவரில் பொன்வண்ண முக்கோணங்கள் ஒளிரும் கூடமும், கருப்பும் வெண்மையும் நீலமுமாய்க் கோடுகள் சுவரேறிக் கூரையிற் படரும் விருந்தினர் அறையும் அங்கே தோன்றின. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா இவர்க்கு நண்பர். ஃபேபியன் சங்கத் தொடர்பு இருவரையும் இணைத்தது.

அவ்வீட்டின் அறைகலன்கள் சிலவற்றைச் செய்தவர் எவர் என அறியும்போது நெஞ்சு ஒருகணம் நின்றுவிடுகிறது. பகைநாட்டார் என்னும் காரணத்தால் மான் தீவின் முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானியக் கைவினைஞர்களே அவர்கள். வெளியே இரு நாட்டு இளைஞர்களும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தனர். கம்பிவேலிக்குள்ளே ஓர் ஆங்கிலேயப் புதுமணமக்களின் இல்லத்துக்காக ஜெர்மானியக் கைகள் மரத்தை இழைத்தன. நூரம்பர்க் வழி அடைபட்ட பின்னும் பாசெட்-லோக்கின் இல்லத்துக்குள் ஜெர்மானியக் கைத்திறன் வேறொரு வாயிலால் நுழைந்தது. அவர்களின் பெயர்கள் அவ்வீட்டில் எங்கும் பொறிக்கப்பெறவில்லை.

மக்கின்டாஷுக்கும் ஏறத்தாழ அதுவே நேர்ந்தது. 1920இல் ஓர் ஆங்கில இல்ல இதழ் அவ்வீட்டைச் சிறப்பித்துக் கட்டுரை வெளியிட்டபோது அதில் மக்கின்டாஷின் பெயர் இடம்பெறவில்லை. படித்தவர்கள் எல்லாம் வீட்டுக்காரரின் கலையுணர்வே அது எனக் கொண்டிருப்பர். இங்கிலாந்தை விட்டுப் பிரான்சில் சென்று வண்ண ஓவியம் தீட்டி வாழ்ந்த மக்கின்டாஷ் 1928இல் மறைந்தார்.

சில ஆண்டுகளுக்குப்பின் புதுவீடு கட்ட விரும்பிய பாசெட்-லோக், பெர்லினைச் சேர்ந்த பீட்டர் பெரன்ஸ் என்பாரை நாடினார். போர் முடிந்து சில ஆண்டுகளே கடந்திருந்த அந்நாளில் ஒரு ஜெர்மானியரிடம் வீட்டை ஒப்படைக்க மனத்திண்மை வேண்டும். 1926 அளவில் வெல்லிங்பரோ சாலையில் எழுந்த நியூ வேஸ் என்னும் அவ்வெண்ணிற வீடு, பிரிட்டனின் முதல் நவீனப்பாணி இல்லம் எனக் கலை வரலாற்றாளர் பலரால் மதிக்கப்பெறுகிறது. பெரன்ஸ் அம்மனையை நேரிற் காணாமலே வரைந்தளித்தார். எனினும் படிப்பறை மட்டும் பழைய வீட்டிலிருந்து கொணர்ந்த மக்கின்டாஷின் பொருள்களால் அமைந்தது. பெயர் விடுபட்டது, படைப்பை விட மனம் வரவில்லை.

நட்பின் கடன்

போருக்குப்பின் பாசெட்-லோக் நூரம்பர்க்கைக் கைவிட்டாரல்லர். பிங் நிறுவனத்தின் தொடர்பு மீண்டும் துளிர்த்தது. ஆனால் காலம் மாறிவிட்டது. ஸ்டீபன் பிங் 1927இல் குடும்ப நிறுவனத்தை விட்டு வெளியேறி ட்ரிக்ஸ் என்னும் புதிய தொழிலை வளர்த்தார். பழைய பிங் நிறுவனமோ 1930களின் தொடக்கத்தில் பொருளாதாரச் சரிவில் நொடித்துப்போயிற்று. ட்ரிக்ஸின் சிறிய மின்தொடர்வண்டிகள் 1930களின் நடுவில் நார்தாம்ப்டனிலும் செய்யப்பெறலாயின.

பிங் குடும்பத்தார் யூதர்கள். ஹிட்லரின் ஆட்சியில் அவர்கள் தொழிலை இழந்தனர், நாட்டையும் இழந்தனர். 1938இல் ட்ரிக்ஸ் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. ஸ்டீபன் பிங் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். 1900இல் பாரிசுக் கண்காட்சியில் அரும்பிய வணிக நட்பு, உயிர்தப்பி வந்தவர்க்குக் கரை காட்டும் துணையாய் முதிர்ந்து நின்றது. பெரு வணிகர் பலர் பழைய கணக்கை மறந்த காலத்தில் பாசெட்-லோக் இந்தக் கணக்கை மறக்கவில்லை. அவர் செய்வித்த எஞ்சின்கள் அனைத்தினும் இச்செயலே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

இரண்டாம் உலகப்போரில் அவர் நிறுவனம் படைப்பயிற்சிக்குரிய மாதிரிகளைச் செய்தது. 1944இல் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்குவதற்கென அமைத்த மல்பெரி மிதவைத் துறைமுகமும், பிரித்துப் பூட்டத்தக்க பெய்லி பாலமும் அங்கே சிறுவுருப் பெற்றன. கடலில் மெய்யான துறைமுகம் எழுமுன், மேசைமேல் அதன் நிழல் எழுந்தது.

தம் ஊர்க்கும் அவர் கடன் ஆற்றினார். 1930 முதல் நார்தாம்ப்டன் நகரமன்றத்தில் பணிபுரிந்தார். 1936இல் திறக்கப்பெற்ற மவுண்ட்ஸ் பொதுக் குளியல் நிலையமும், நகரின் நாடகக் குழுவும் அவரது உழைப்பின் பயனைப் பெற்றன. 1953 அக்டோபர் 21ஆம் நாள் அவர் மறைந்தார். மக்கட்பேறு இல்லை.

பெயரும் கைகளும்

அவருக்குப்பின் நிறுவனம் நெடுநாள் தழைக்கவில்லை. 1960களில் சிற்றெஞ்சின் வணிகம் தேய்ந்து முடிவுற்றது. பெயர் மட்டும் இறக்கவில்லை. 1996இல் கார்கி நிறுவனம் அப்பெயரை வாங்கிற்று. 2008இல் ஹார்ன்பி நிறுவனத்தின் உடைமையாயிற்று. செய்தவர்கள் மறைந்து, செய்வித்தவர் மறைந்து, செய்யும் இடமும் மறைந்தபின் பெயர் தனியே விலைபோயிற்று. 78ஆம் எண் வீடு 2003இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பெற்றது. அங்கே செல்வோர் இன்று மக்கின்டாஷைக் காணவே செல்கின்றனர். பெயர் விடுபட்டவருக்கு எண்பதாண்டுகள் கடந்து பெயர் திரும்பிற்று. ஆனால் முகாமில் மரம் இழைத்தவர்களுக்கும், நூரம்பர்க்கில் தகரம் வளைத்து மெல்லிய தூரிகையால் எஞ்சினின் விளிம்பில் வண்ணக்கோடு இழுத்தவர்களுக்கும் அது திரும்பவில்லை.

பாசெட்-லோக்கைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அவர் இன்றேல் கிரீன்லியின் கோடும் நூரம்பர்க்கின் கையும் ஒன்றையொன்று கண்டிரா. அளவு வழுவக்கூடாது என ஒருவர் நடுவே நின்று பிடிவாதம் செய்தமையால்தான் பொம்மை மாதிரியாயிற்று. கோப்பவர் இல்லாமல் மாலை இல்லை. ஆனால் மாலைக்குக் கோத்தவர் பெயரை மட்டும் இட்டு வழங்கும் வழக்கம் நியாயமானதா என்னும் கேள்வியை அவர் வாழ்க்கை எழுப்புகிறது. எஞ்சினின் ஒவ்வொரு தறையாணியையும் எண்ணிச் சரிபார்த்தவர், அவற்றை அறைந்த கைகளையும் அவ்வண்ணம் எண்ணியிருக்கலாகாதா? 43இல் ஒரு பங்குக்குப் பிழை பொறுக்காத கண், இந்தப் பிழையை வாழ்நாள் முழுதும் பொறுத்துக்கொண்டது. காலத்தின் வழக்கம் அது எனலாம். வழக்கம் என்று சொல்லி நாமும் கடந்துவிடலாம்.

இம்மலர் அச்சேறும்போது அட்டையில் நம் வட்டத்தின் பெயர் இருக்கும். உள்ளே கவிஞர்களின் பெயர்களும் எம்போன்றோர் பெயர்களும் இருக்கும். பத்தாண்டுகளாகக் கூட்டம்தோறும் நாற்காலி விரித்தவர், அழைப்பிதழைக் கையால் எழுதி வீடுவீடாகக் கொடுத்தவர், நம் மெய்ப்புகளில் ஒற்றுப்பிழை பார்த்துக் கண் சிவந்தவர், கூட்டம் முடிந்து விளக்கணைத்துப் பூட்டியவர் ஆகியோரின் பெயர்களை இறுதிப் பக்கத்தில் ஒன்றுவிடாமல் அச்சிட வேண்டும் என்று மலர்க் குழுவினரை வேண்டிக்கொள்கிறேன். பக்கம் போதாதெனின் என் கட்டுரையில் ஒரு பத்தியைக் குறைத்துக்கொள்ள இசைகிறேன்.